மாமா போட்ட ஊசி

பாம்பன் மணல் சித்திரை வெயிலில் எப்படிக் கொதிக்கும் என்பது என் வலது காலுக்குத் தெரியும். இடது பாதத்தின் மேல்புறத்துக்குத் தெரியாது. தெருப் பிள்ளைகள் சுடுமணலை அள்ளி அதன்மேல் கொட்டிவிட்டு என் முகத்தையே பார்ப்பார்கள், நான் அசையாமல் நிற்பேன், உடனே "மரக்காலு" என்று கைதட்டுவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான். அந்தப் பாதம் எப்போதும் தொங்கியே கிடக்கும், காலை உயரத் தூக்கித்தான் அடியெடுத்து வைப்பேன்.

"போலியோ" என்று சொன்னவர் "ஊசி மாமா". எங்கேயோ ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்துவிட்டு எங்கள் தெருவில் கடை போட்டவர். மாத்திரை மட்டும் கொடுப்பவரை எங்கள் ஊர் மதித்ததே இல்லை. காலையில் ஊசி குத்திக்கொண்டால் மறுநாள் கடலுக்குப் போகவேண்டும், அப்படிப்பட்ட ஊர். அம்மாவுக்கு உடன்பிறந்தவர்கள் கிடையாது என்பதால், எனக்குக் காது குத்தியபோது தாய்மாமன் முறைக்கு அவர் மடியில்தான் உட்கார வைத்தார்கள். என்னைப் பெற்ற அய்யா கரையேறினால் நல்ல மீன் முதலில் அவர் வீட்டுக்குத்தான் போகும்.

ஐந்து வயதில் காய்ச்சலோடு அவரிடம் போனேன். பின்பக்கம் ஊசி இறங்கியதுமே இடுப்பிலிருந்து பாதம்வரை தீயாய் எரிந்தது, அலறினேன். அன்று மாலையே பாதம் தொங்கிவிட்டது. வந்து பார்த்த மாமா அம்மாவிடம் கேட்டார்: "சொட்டு மருந்தெல்லாம் ஒழுங்காப் போட்டியா தங்கச்சி?" கருவாடு காயப்போட்டிருந்த ஒருநாள் அம்மா சொட்டு மருந்து போடப் போகவில்லை. போதாதா? பழி முழுக்க அவள் தலையில் இறங்கியது. "பாழாப்போன கருவாட்டுக்காக ஒன் கால வாங்கிட்டேனே" என்று எத்தனை வருஷம் அழுதிருப்பாள்!

போன மாதம் செருப்பு உரசிப் புண்ணானதே தெரியாமல் போய், ராமநாதபுரத்தில் ஒரு நரம்பு டாக்டரம்மாவிடம் காட்டினேன். குண்டூசியால் பாதத்தைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். "போலியோவுல பலம்தாங்க போகும், உணர்ச்சி போகாது. சின்னதுல இடுப்புல ஊசி போட்டாங்களா? போட்ட உடனே எரிஞ்சுச்சா?" ஆமாம் என்றேன். நரம்பிலேயே குத்தியிருக்கிறார்கள், குழந்தைகளுக்குத் தொடையில்தான் போட வேண்டும் என்றார். அப்போதே மதுரைக்குக் கொண்டுபோயிருந்தால் கொஞ்சமாவது சரிசெய்திருக்கலாமாம்.

இப்போது போலியோவும் இல்லை, ஊசி மாமாவும் இல்லை. அவர் கடையில் செல்போன் விற்கிறார்கள். யாரிடம் போய்க் கேட்பது? அம்மாவிடம் சொன்னேன். மீன் அரிந்துகொண்டிருந்தவள், "அண்ணன் தெரியாமச் செஞ்சிருப்பாருய்யா" என்றாள். நானும் அப்படியே நம்பிவிடத்தான் பார்த்தேன்.

அரிந்த மீனைக் கழுவி வைத்துவிட்டு அவளாகவே பேசினாள். "அடுத்த வருஷம் ஒன் தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்தப்ப, அண்ணன் கடையில நான் அவளக் குப்புறப் படுக்கப் போட்டேன்யா. வேணாம் தங்கச்சி, திருப்பிப் போடு, இனிமே பிள்ளைகளுக்குத் தொடையிலதான்னு சொன்னாரு."