பெத்தாங்க் பையில் கிடந்த உயிர்

உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி அனுப்ப மறந்து, போன வருஷம் மூன்று மாதம் ‘செத்துப்போயிருந்த’ முட்டாள் நான். சம்பவம் நடந்தது புதுச்சேரியில். அகப்பட்டுக்கொண்டது என் மனைவியின் முதுகெலும்பு.

நான் பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற சிப்பாய்; புதுச்சேரியில் ‘சொல்தா’ என்பார்கள். எங்களுக்கு வருஷா வருஷம் பிரான்சிலிருந்து ஒரு தாள் வரும். ‘இருக்கிறாயா, போய்விட்டாயா?’ என்பதுதான் சாரம். கையெழுத்துப் போட்டு, முத்திரை வாங்கித் திருப்பி அனுப்பினால்தான் பென்ஷன். எங்கள் இருவரின் மருத்துவக் காப்பீட்டுச் சந்தாவும் அதிலிருந்துதான் போகும்.

முத்திரை வாங்கிய அன்று, தபால் நிலையம் போகிற வழியில் நண்பர்கள் பெத்தாங்க் என்னும் பிரெஞ்சுக் குண்டு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு ஆட்டம் என்று, இரும்புக் குண்டுகள் வைக்கும் பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் உறையைச் செருகினேன். அன்றைக்குப் பார்த்து ஜெயித்துத் தொலைத்தேன். வெற்றிக் களிப்பில் நேராக வீட்டுக்கு! பென்ஷன் நேராக வங்கியில் விழுவதால், அது நின்றுபோனதையும் நான் கவனிக்கவில்லை.

என் மனைவிக்கு ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு வலுவிழக்கும் நோய். முன்பு ஒருமுறை தண்ணீர் கேன் தூக்கியதற்கே முதுகெலும்பு ஒன்று நொறுங்கிவிட்டது. அப்போதிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி. அதற்கான நாள் நெருங்கியதும் ஆஸ்பத்திரியில் கேட்டேன். “உங்க இன்சூரன்ஸ நிறுத்தி வெச்சிருக்காங்களே சார்” என்றார்கள். ஓடி வந்து ஜிப்பைத் திறந்தால், என் உயிர் கசங்காமல் பத்திரமாக இருந்தது. அன்றே அனுப்பினேன். எல்லாம் சரியாகச் சில வாரங்கள் ஆகும் என்று பதில் வந்தது.

துப்பாக்கி தூக்கிய எனக்கு மனைவியிடம் உண்மையைச் சொல்லத் தைரியம் இல்லை. டாக்டர் லீவு என்று புளுகினேன். பரிகாரமாக, அவளை எதையும் தூக்கவிடாமல் பின்னாலேயே அலைந்தேன். வாளி, அரிசிப் பை, குக்கர் எல்லாம் என் கையில்.

“இன்னா, புதுசா இவ்ளோ பாசம்? எவகிட்டயாவது மாட்டிக்கினீங்களா?”

சிரித்து மழுப்பினேன். அவள் குனியப் போனால் நான் முந்திக்கொண்டு குனிந்தேன்.

மூன்றாவது வாரம், ஊசி போடும் நர்ஸ் போன் செய்தார். முகம்கூட எனக்குச் சரியாக ஞாபகமில்லை.

“அம்மா ஏன் சார் வரல? தேதி தாண்டிப் போச்சே.”

“இன்சூரன்ஸ் வரட்டும்னு இருக்கேம்மா. கொஞ்சம் முன்னப் பின்ன ஆனா இன்னா?”

“அய்யோ சார், இந்த ஊசியத் தள்ளிப் போட்டா எலும்பு கிடுகிடுன்னு வலு கொறையும். முதுகுல இன்னும் ரெண்டு மூணு எலும்பு ஒடைஞ்சா இன்னா பண்ணுவீங்க? பேப்பர் மெதுவா வரட்டும். நாளைக்கே கூட்டிக்கினு வாங்க, டாக்டர்கிட்ட நான் சொல்லி வெக்கிறேன்.”

பெத்தாங்க் போட்டிக்காகக் கோவா போகச் சேர்த்துவைத்த பணம் மறுநாள் ஊசியாக மாறியது. ஊசி ஏறும்போதே மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நர்ஸ் பக்கத்தில் இருந்தால் அடிக்கமாட்டாள் என்று ஒரு கணக்கு.

அவள் திட்டவில்லை. “அப்ப மூணு வாரமா வாளி தூக்குனது பாசம் இல்ல, பயம்?” என்றாள்.

“ரெண்டுந்தான்” என்றேன். ஊசி போடாத கையால் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். எனக்குத்தான் கண் கலங்கியது. ஊசி அவளுக்கு, வலி எனக்கு என்று நர்ஸ் சிரித்தார்.

அடுத்த மாதம் காப்பீடு திரும்பியது, நானும் உயிர்த்தெழுந்தேன். முதல் நாளே வாய் திறந்து கேட்டிருந்தால் அந்த நர்ஸ் அன்றே வழி சொல்லியிருப்பார். கூடவே வாழும் நான் தவறவிட்ட தேதியை, எங்கிருந்தோ ஒரு பெண் நினைவில் வைத்திருந்தாள் என்பதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

இந்த வருஷம் அத்தாட்சியைத் தபாலில் சேர்த்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி வீட்டுக்குள் நுழைந்தேன். “நான் உசுரோடதான் இருக்கேன்னு பிரான்சுக்கே சொல்லிட்டேன்!”

மனைவி தலையைத் தூக்காமல் சொன்னாள்: “பையத் தொறந்து காட்டுங்க.”