தம்பிக்கு வெள்ளி, எனக்கு ஞாயிறு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இன்று ஞாயிற்றுக்கிழமை. ரயில்வே குடியிருப்பில் வீட்டுக்கு வீடு கொடியில் துணி தொங்குகிறது. வேதக்கோயில் மணி அடித்து ஓய்ந்துவிட்டது. பக்கத்து வீட்டில் மீன் பொரிக்கிறார்கள். இதே தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓர் இரவும் அரைப் பகலும் வடக்கே போனால் கெடா. அங்கே இன்று வேலை நாள். சர்க்கார் வேலைக்காரர்களுக்கு அங்கே ஓய்வு வெள்ளிக்கிழமை. ஊரில் இருப்பவர்கள் நம்பமாட்டார்கள். மலாயா என்றால் ஒரே நாடு என்று நினைத்துத்தான் நாமெல்லோரும் கப்பல் ஏறினோம். வந்து பார்த்தால் ஆற்றுக்கு ஆறு ஒரு சுல்தான், ஊருக்கு ஊர் ஒரு வழக்கம்.

நான் ரயில்வே சரக்குக் கொட்டகையில் குமாஸ்தாவாக இருந்தவன். எல்லா ஊர் மூட்டையும் என் முன்னால்தான் இறங்கும்; மூட்டையோடு அந்தந்த ஊர்க் கதையும் இறங்கும். தைப்பிங்கில் மழை வருமா என்று யாரும் கேட்பதில்லையாம், எத்தனை மணிக்கு வரும் என்றுதான் பந்தயம் கட்டுவார்களாம். சிரம்பான் பக்கத்து மலாய்க்காரர்களிடம் வீடும் நிலமும் பெண்பிள்ளைக்குத்தான் போகிறது. கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளை மூட்டை கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போகிறான். சிலாங்கூரின் ஆபீசெல்லாம் கோலாலம்பூரில், சுல்தானோ கிள்ளானில். தபால் தலைகூட ஒரே மாதிரி இல்லை. எங்கள் கடிதத்தில் புலி பாயும், கெடா கடிதத்தில் நெற்கதிர் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, சின்னவனை வயல்காட்டிலும் பெரியவனைப் புலிக்காட்டிலும் விட்டிருக்கிறார்கள் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். உறவுக்காரர் ஒருவரைப் பிடித்து, ஜாக்கிரதையாக இருக்கும்படி எனக்கு மட்டும் எழுதச் சொன்னாள். நானும் தம்பியும் அதை வைத்துக் கடிதத்திலேயே வெகுகாலம் சிரித்தோம்.

தம்பி வேலுவும் நானும் நாகப்பட்டினத்தில் ஒரே கப்பலில் ஏறியவர்கள். அவனைப் பினாங்கில் இறக்கிக் கெடாவில் ரோட்டு வேலைக்கு அனுப்பினார்கள். நான் கிள்ளான் துறைமுகத்தில் இறங்கினேன். பிரியும்போது, ஊரில் எங்களை ஆள் சேர்த்துக் கூட்டிவந்த ஆள்கட்டி முதுகில் தட்டிச் சொன்னார்: "ஒரே நாடுதானேப்பா. ரயில் இருக்கு, லீவு நாள் இருக்கு. வேணுங்கிறப்ப பாத்துக்கலாம்." அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. ரயிலும் இருந்தது, லீவு நாளும் இருந்தது. எனக்கு ஞாயிறு, அவனுக்கு வெள்ளி. நான் ஓய்ந்திருக்கும் நாளில் அவன் எங்கோ மலையோரத்தில் கல் கொட்டிக்கொண்டிருப்பான். அவன் ஓய்ந்திருக்கும் நாளில் நான் மூட்டை எண்ணிக்கொண்டிருப்பேன். வருஷக்கணக்கில் இப்படியே போயிற்று. தம்பி முகத்தில் மீசை எப்படி முளைத்திருக்கும் என்று யோசித்துப் பார்ப்பேன், பிடிபடாது.

ஒருநாள் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கிள்ளான் துறைமுகக் கொட்டகையில் வேலை பார்த்த நண்பனிடம் கிழமையை மாற்றிக்கொண்டேன்: வெள்ளியன்று என் வேலையை அவன் பார்ப்பான், ஞாயிறன்று அவன் வேலையை நான் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். தம்பிக்குச் சொல்லவில்லை, திடீரென்று போய் நிற்க வேண்டும் என்று ஆசை. வியாழன் இரவு வண்டி ஏறினேன். கெடாவுக்குள் போனதும், டிக்கெட் பார்க்க வந்த மலாய்க்காரர் என் மடியிலிருந்த பலகாரப் பொட்டலத்தைக் காட்டி ஏதோ கேட்டார். எனக்குப் பாதிதான் விளங்கியது, தலையாட்டி வைத்தேன். அவர் சந்தோஷமாகக் கைகுலுக்கிவிட்டுப் போனார். பெண் பார்க்கப் போகிறீர்களா என்று கேட்டாராம், பக்கத்தில் இருந்தவர் சொன்னார்.

அலோர் ஸ்டாரில் ரோட்டு வேலைக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் எல்லோரும் இருந்தார்கள், தம்பியைத் தவிர. முனியன் என்ற வயசாளி என்னைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார். முகச்சாயல் அப்படியாம்.

"வேலு இல்லீங்களே. இன்னிக்கு வேலைக்குப் போயிட்டான்."

"வெள்ளிக்கிழமையிலயா?"

"கிழமைய மாத்திக்கிட்டான். ஞாயித்துக்கிழமை அண்ணனுக்கு லீவாம், கோலாலம்பூர் போயி திடீர்னு நிக்கப்போறானாம். வாரம் பூரா இதே பேச்சுத்தான்."

லயத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் போயிருந்த இடம் வெகுதூரம். தேடிப் போனால் ராத்திரி வண்டி கிடைக்காது. பலகாரத்தை அவன் பாயின்மேல் வைத்துவிட்டு, ஞாயிறு எப்படியும் லீவு கேட்டு வாங்கிவிடுவேன், அவன் வரட்டும் என்று முனியனிடம் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

சனிக்கிழமை கொட்டகைப் பெரிய குமாஸ்தாவிடம் போய் நின்றேன். ஞாயிறு மட்டும் என்னை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் கெட்டவர் அல்லர். "தம்பி, இப்ப இருக்கிற காலத்தில அடிக்கடி மாத்தாத. வெள்ளைக்காரன் ஆள் குறைக்கிறதுக்குச் சாக்குத் தேடிக்கிட்டு இருக்கான்" என்றார். ரப்பர் விலை விழுந்து தோட்டம் தோட்டமாக ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. ஞாயிறு விடியலில் துறைமுகத்துக்கு ரயில் ஏறினேன். பகல் முழுக்க மூட்டைகளுக்கு நடுவில் நின்று, இந்நேரம் வந்திருப்பான், இந்நேரம் சாப்பிட்டிருப்பான், இந்நேரம் புறப்பட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேலை ஒன்றும் ஓடவில்லை.

இருட்டும் வேளையில் வீடு திரும்பினேன். பக்கத்து வீட்டு அக்கா, தம்பி வந்து உட்கார்ந்திருந்துவிட்டு வண்டிக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டதாகச் சொன்னார். "சும்மா இருக்கவே மாட்டேன்னுட்டாரு. உங்க துணியெல்லாம் எடுத்துத் தொவைச்சுப் போட்டுட்டாரு" என்றார். கொடியில் என் இரண்டு வேட்டியும் நாலு சட்டையும் வரிசையாகத் தொங்கின. தொட்டுப் பார்த்தேன். இன்னும் ஈரமாக இருந்தது. ஒரு சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அழுதேன். சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அந்த மழைக்காலத்தில் அவனைக் குளிர்க்காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. முனியன் ஆள் மூலம் சொல்லியனுப்பிய செய்தி எனக்கு வந்து சேருமுன்பே மண்ணில் வைத்துவிட்டார்கள். பிறகு என் வேலையும் போயிற்று. இப்போது ஏழு நாளும் எனக்கு ஓய்வுதான். வெள்ளியும் என்னுடையது, ஞாயிறும் என்னுடையது. பார்க்கப் போகத்தான் ஆளில்லை.

வேலை இழந்தவர்களைச் சர்க்கார் இலவசமாக ஊருக்கு அனுப்புகிறது. நேற்று நானும் போய்ப் பெயர் கொடுத்தேன். கப்பல் வழியில் பினாங்கில் ஒரு பகல் நிற்குமாம். தளத்தில் நின்றால் வடக்கே கெடா மலை தெரியும் என்று சொல்கிறார்கள். தெரிந்தென்ன, கரையில் இறங்க விடமாட்டார்கள். ஊருக்குப் போனால் அம்மா கேட்பாள், இரண்டு பேராகப் போனீர்களே என்று. பெயர் எழுதிய தமிழ்க் குமாஸ்தாவிடம், பினாங்கில் கப்பல் நிற்பது என்ன கிழமை என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வேலையில்லாத ஆளுக்கு என்ன கிழமையா இருந்தா என்னய்யா?"

வெள்ளிக்கிழமையாக இருந்தால் தம்பி லயத்தில் இருப்பான் என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் நின்றவன் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்தான்.