சொல்லாமல் போகிறவர்களின் வீடு

நெய்யாற்றின்கரை ஜவுளிக்கடையில் குழந்தைத் துணிப் பகுதியில் என் பக்கத்தில் நிற்பவள் டெல்னா. ஊர் கடலோரப் பொழியூர். கணவன் சஜு கொல்லத்திலிருந்து போகும் பெரிய போட்டில் மீன்பிடிக்கிறவன். போனால் வாரக்கணக்கில் கரைக்கு வரமாட்டான். மாமியார் ஜேனட் விடிந்ததும் மீன் கூடையோடு சந்தைக்குக் கிளம்பிவிடுவாள். இரண்டு வயது முடிந்த மெல்பினை யாரிடம் விடுவது என்று டெல்னா முழித்தபோது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் நான்தான் சொன்னேன். "உதியன்குளங்கரையில எனக்க வீட்டுக்குப் பக்கத்துல ஷீஜா டீச்சர் டேகேர் நடத்துதாங்க. நல்ல இடமாக்கும்."

அதனால் இந்தக் குழப்பத்தில் எனக்கும் பங்கு உண்டு.

முதல் நாள் பிள்ளையை விட்டுவிட்டுக் கடைக்கு வந்தவளின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "அவன் கரையவே இல்ல சேச்சி," என்றாள். எங்கள் பக்கத்தில் அழுவதைக் கரைவது என்றுதான் சொல்வோம். கார் பொம்மையைக் கையில் கொடுத்து, அவன் அதை உருட்ட ஆரம்பித்ததும் பூனை மாதிரி நழுவி வந்துவிட்டாளாம். அதற்குப் பிறகு தினமும் ஒரு தந்திரம். ஒரு நாள் பிஸ்கட், ஒரு நாள் டீச்சர் வீட்டு மீன்தொட்டி. அவன் திரும்பிப் பார்க்கும்போது அம்மா இருக்கமாட்டாள். மற்ற பிள்ளைகள் வாசலில் ஊரைக் கூட்டிக்கொண்டிருக்க, மெல்பின் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பானாம். இப்படி ஒரு தங்கமான பிள்ளையா என்று எனக்கே ஆச்சரியம்.

"ஒரு வார்த்த சொல்லிட்டு வந்தா என்ன குறஞ்சு போச்சு?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

அவள் என்னை வெளியூர்க்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "எங்க வீட்ல ஆரும் சொல்லிட்டுப் போவ மாட்டாங்க சேச்சி. போறேன்னு சொல்லப்பிடாது. வாறேன்னு அதவிடச் சொல்லப்பிடாது. வாறது நம்ம கையிலயா இருக்கு?"

அவளுடைய அப்பா அப்படித்தான் கடலுக்குப் போனார். அண்ணன் அப்படித்தான் போகிறான். சஜுவும் அப்படித்தான்; அவளும் பிள்ளையும் தூங்கும்போதே பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவான். எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று கேட்பது அந்த வீட்டில் பெரிய குற்றம். கண்விழித்தால் பாய் காலியாக இருக்கும், அவ்வளவுதான். நீ போவது துணிக்கடைக்குத்தானே என்றேன். "ரோட்ல பஸ்ஸு ஓடலியா?" என்று திருப்பிக் கேட்டாள்.

கொஞ்ச நாளில் மெல்பின் மாறிப்போனான். டேகேரில் அல்ல, வீட்டில். டெல்னா குளிக்கப் போனால் கதவடியில் உட்கார்ந்திருப்பான். அடுப்படியில் நின்றால் நைட்டி விளிம்பைப் பிடித்தபடி நிற்பான். அவளுடைய முடியை விரலில் சுற்றிக்கொள்ளாமல் தூங்கமாட்டான். பிஸ்கட்டைக் காட்டினால் வாங்காமல் அவள் முகத்தையே பார்க்கிறானாம். ஜேனட் கண்ணேறு என்று சொல்லிப் சர்ச்சுக்குக் கொண்டுபோய் ஜெபிக்க வைத்தாள். டாக்டர் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார். நான் பால் பவுடரை மாற்றச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை, எல்லாரும் ஏதோ சொல்கிறார்களே என்று நானும் சொன்னேன். எதனாலும் ஒரு பலனும் இல்லை.

ஷீஜா டீச்சர் கூப்பிட்டுச் சொன்னது இன்னும் குழப்பியது. "பிள்ள கரையாம இருக்கதுதான் எனக்குப் பயமா இருக்கு டெல்னா. சாப்பிடுதும் இல்ல, விளையாடுதும் இல்ல, சன்னலையே பாத்துட்டு இருக்குது. நீ சொல்லிட்டுப் போ. கரையட்டு. நான் எடுத்து வச்சுக்கிடுதேன்."

அன்று முழுவதும் டெல்னா என்னைப் பிய்த்தெடுத்தாள். "கரையாத பிள்ளையக் கரைய வைக்கணுமாம். இது என்ன படிப்பு சேச்சி? நம்ம பிள்ளைய நம்மளே கரைய விடுததா?" எனக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. டீச்சர் சொல்வது சரி என்றுதான் பட்டது. டெல்னாவின் பயமும் பொய்யாகப் படவில்லை. அவள் மறுநாளும் மீன்தொட்டியைக் காட்டிவிட்டு நழுவித்தான் வந்தாள்.

அந்த வாரம் ஒரு மழைநாளில், கடையில் கூட்டமாக இருந்த நேரம், டீச்சர் போன் செய்தார். மெல்பினைக் காணவில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள் கேட்டைச் சாத்தாமல் போயிருக்கிறான். டீச்சர் இன்னொரு பிள்ளைக்கு உடுப்பு மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். திரும்பிப் பார்த்தால் சன்னலோரம் காலி.

டெல்னாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான்தான் அவளை இழுத்து ஆட்டோவில் ஏற்றினேன். வழி முழுக்க அவள் ரோட்டோரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் டீச்சரைத் திட்டினேன், கேஸ்காரனைத் திட்டினேன், அந்த டேகேரைக் கைகாட்டிய என் வாயையும் திட்டினேன். உதியன்குளங்கரை ஜங்ஷனை நெருங்கும்போது டெல்னா "நிறுத்துங்க" என்றாள்.

மெல்பின் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தான். தினமும் அம்மாவோடு வந்து இறங்கும் அதே இடம். லாட்டரி விற்கும் செல்லசாமி தன் குடையை அவன் தலைக்கு மேலே பிடித்திருந்தார். போய்க்கொண்டிருந்த எங்கள் உயிர் அப்போதுதான் திரும்பி வந்தது.

"ஆருக்க பிள்ளன்னு கேட்டேன், பதில் இல்ல," என்றார் செல்லசாமி. "கரையவும் இல்ல. வாற பஸ்ஸ எல்லாம் பாத்துட்டே நிக்குது."

டெல்னா சேற்றிலேயே முட்டிபோட்டு அவனைப் பிடித்து உலுக்கினாள். அடிக்கக் கை ஓங்கினாள், பிறகு கட்டிக்கொண்டாள். "எலே, சொல்லாம வந்துட்டியே மக்கா. ஒருத்தருக்கிட்டயும் சொல்லாம வந்துட்டியே."

அவன் அவளைப் பார்த்தான். இதில் என்ன கேட்க இருக்கிறது என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. அவள் சொன்னது அவளுக்கே அப்போதுதான் கேட்டிருக்க வேண்டும். எனக்கு யாரோ மண்டையில் தட்டிய மாதிரி இருந்தது.

அன்று டீச்சரோடு சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். கேட்டுக்கு உள்பக்கம் கொண்டி போடச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டாள். மறுநாள் காலையில் என்னையும் டேகேருக்குத் துணைக்குக் கூப்பிட்டாள்.

வாசலில் மெல்பின் முன்னால் குந்தினாள். வாயைத் திறந்தாள், மூடினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பயத்தை நான் அதற்கு முன் பெரியவர்கள் முகத்தில் பார்த்ததில்லை. ஒரு சொல்லைச் சொன்னால் உயிருக்கு ஆபத்து என்று நம்புகிறவள், பிள்ளைக்காக அதைச் சொல்லப் போகிறாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"மக்கா, அம்ம கடைக்குப் போறேன்," என்றாள். பிறகு மிகவும் மெதுவாக, "சாயங்காலம் வாறேன்."

மெல்பின் ஒரு நிமிடம் அவள் வாயையே பார்த்தான். பிறகு அழுதான். இத்தனை நாள் அடக்கி வைத்ததை எல்லாம் சேர்த்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கும்படி அழுதான். டீச்சர் அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "இப்ப போங்க, திரும்பி வரண்டாம்," என்றார். ஜங்ஷன் வரைக்கும் அந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "இது நல்லதுதானா சேச்சி?" என்று டெல்னா கேட்டபடியே நடந்தாள். நல்லது என்றேன். எனக்கு உறுதியில்லை.

அன்று அவளோடு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. வருவேன் என்று சொல்லிவிட்டாள் அல்லவா, இனி வந்தாக வேண்டும். ரோட்டைக் கடக்க என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாடிப்படியில் சுவரைப் பிடித்து இறங்கினாள். மதியச் சோற்றில் மீன் முள் இருக்கும் என்று மீனையே ஒதுக்கினாள். கடற்கரையில் பிறந்தவள் மீனை ஒதுக்கினால் நான் சிரிக்காமல் என்ன செய்வது? அவள் சிரிக்கவில்லை.

சாயங்காலம் நாங்கள் போனபோது மெல்பின் சன்னலோரம் இல்லை. உள்ளே தரையில் உட்கார்ந்து இன்னொரு பிள்ளையின் செருப்பைத் தன் காலில் மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தான். டெல்னாவைக் கண்டதும் டீச்சரிடம், "அம்ம வந்தாச்சு," என்றான். ஏதோ முன்பே தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோல. பிறகு ஓடிவந்து அவள் மேல் ஏறிக்கொண்டான். மதியம் சோறு சாப்பிட்டதாக டீச்சர் சொன்னார்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது சஜுவிடமிருந்து போன் வந்தது. துறைமுகத்தில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பவும் போக வேண்டும் என்றான் போலிருக்கிறது. டெல்னா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். தோளில் மெல்பின் தூங்கிவிட்டிருந்தான்.

"இனி நீ போவும்போ சொல்லிட்டுத்தான் போவணும்," என்றாள். "பிள்ளைய எழுப்பிச் சொல்லணும்."

அந்தப் பக்கம் அவன் ஏதோ சமாதானம் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள்.

"பிள்ளைக்கிட்ட மட்டும் இல்ல," என்றாள். "என்னையும் எழுப்பணும்."

உனக்கு என்ன ஆயிற்று என்று அவன் கேட்டது எனக்கே கேட்டது.

"தெரியாது," என்றாள் டெல்னா. "எனக்கிட்டயும் ஒருத்தரும் சொல்லிட்டுப் போனதே இல்ல."