பெட்டி ஒத்துக்கொள்ளாத குத்து

வாளை வளைத்து எதிராளியின் முதுகில் தட்டும் வித்தையை எழில்மொழி இரண்டு வருடம் பழகினாள். அது கைவந்த 2005ஆம் வருடம் உலக வாள்வீச்சுக் கூட்டமைப்பு விதியை மாற்றியது. தஞ்சாவூரில் அவளுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

மாநிலப் போட்டியில் ஏழு முறை தட்டினாள். குத்தைப் பதிவுசெய்யும் மின்பெட்டியில் ஒருமுறைகூட விளக்கு எரியவில்லை.

"தொட்டா பத்தாதும்மா, முனை அழுத்தி நிக்கணும். புதுப் பெட்டி," என்றார் நடுவர்.

திருக்காட்டுப்பள்ளிக்குத் திரும்பியதும் அப்பா வீரையன் விசாரித்தார்.

"குத்துனியா இல்லையா?"

"குத்துனேன்ப்பா."

"அந்தப் பொண்ணு ஒத்துக்கிச்சா?"

"அது ஒத்துக்கிச்சு. பெட்டிதான் ஒத்துக்கல."

கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரம் பார்க்கும் கருவியோடு வாதாடிப் பழகியவர் வீரையன். அவருக்குப் புரிந்துவிட்டது.

அடுத்து தற்காப்பு. முகமூடிக்குக் கீழே தொங்கும் கழுத்துத் துணியில் பட்டால் புள்ளி கிடையாது. எனவே தலையைத் தாழ்த்தி, துணியால் மார்பை மறைத்து ஆடினாள். நான்கு வருடத்தில் இரண்டு வெள்ளிப் பதக்கமும் தீராத கழுத்து வலியும் கிடைத்தன. உலகில் அவளை விட்டால் வேறு ஆபத்தான ஆளே இல்லை போலும், கூட்டமைப்பு அந்தத் துணியிலும் உலோக இழை வைக்கச் சொல்லி, அங்கே பட்டாலும் புள்ளி என்றது.

விதியிடம் அடி வாங்குவதைவிட விதியின் பக்கம் போய் நிற்பது மேல் என்று நடுவர் தேர்வு எழுதினாள். முதல் முறை தோல்வி. எல்லா விடையும் சரி, போன வருடப் புத்தகத்தின்படி. இரண்டாம் முறை புத்தகம் மாறுவதற்குள் எழுதித் தேறினாள்.

இந்த வருட மாவட்டப் போட்டியில் உபகரணம் சோதிக்கும் வேலை அவளுக்கு. பாபநாசம் பயிற்சியாளர் யூனுஸ், தன் மாணவி நுஸைபாவின் முகமூடியை நீட்டினார். முன்பக்கம் கண்ணாடி போன்ற தகடு.

"இது செல்லாதுங்க. முழுக்கக் கம்பிவலையா இருக்கணும்."

"ஒரு காலத்துல இதத்தானே மேடம் புதுசுன்னு தலையில கட்டுனாங்க?"

"கட்டுனாங்க. இப்ப கூடாதுங்க."

அதைச் சொன்னபோது கிடைத்த இன்பம் எந்தப் பதக்கத்திலும் அவளுக்குக் கிடைத்ததில்லை. நுஸைபாவின் கண் கலங்கியதைப் பார்த்ததும் அது பாதியாகிவிட்டது. பையிலிருந்து தன் முகமூடியை எடுத்து, முறைப்படி சோதித்து, முத்திரை குத்திக் கொடுத்தாள்.

நுஸைபாவுக்கு வெண்கலம் கிடைத்தது. எழில்மொழியின் முகமூடி பாபநாசத்துக்கே போய்விட்டது. அடுத்த விதி வரும்வரை யாருக்காவது உதவட்டும் என்று அவளும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.