மேயர் ஐயாவை வெளியே கூட்டிப்போன நாள்

ரொம்ப காலத்துக்கு முன்னால் எங்கள் ஊரில் பல வருஷம் மேயராக இருந்த ஐயாவை, அவருடைய கடைசி மாதங்களில் பார்த்துக்கொண்டது நான்தான். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. மனைவி காலமாகிவிட்டார். இரண்டு மகன்களும் பிரான்சில். காரைக்கால்மேட்டில் என் வீட்டிலிருந்து காலை பஸ்ஸில் டவுனுக்குப் போய், அவரைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, முதுகுப் புண்ணுக்கு மருந்து போடுவேன். சாயங்காலம் வேறொரு ஆள் வந்ததும் கிளம்பிவிடுவேன்.

அவர் பேச்சு குழறும். எனக்குப் பழகிவிட்டதால் புரியும். ஊரைப் பார்க்கணும் என்று தினமும் கேட்பார். வெளியே கொண்டுபோக வேண்டாம் என்று பெரிய மகன் போனில் சொல்லியிருந்தார். ஒருநாள் எனக்கு மனசு கேட்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுவிட்டு, சக்கர நாற்காலியில் வைத்துக் கடைத்தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

வழியெல்லாம் இடது கையைத் தூக்கித் தூக்கி வணக்கம் வைத்தார். ஒருத்தர்கூடத் திருப்பி வைக்கவில்லை. அவரைத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மார்க்கெட் வாசலில் பழக்கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, பெரியவர அந்தாண்ட ஓரமா நிறுத்துங்க. கடைய மறைக்குது."

இவர் யார் தெரியுமா என்று நான் ஆரம்பித்தேன். ஐயா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"சொல்லாத. வீட்டுக்குப் போவோம்."

மறுநாளிலிருந்து கஞ்சிக்கு வாய் திறக்கவில்லை. டாக்டர் குழாய் போட்டார், அதையும் பிடுங்கிவிட்டார். மூன்றாவது வாரம் இறந்துபோனார்.

அடுத்த வருஷம் அதே மார்க்கெட் பக்கம் ஐயாவுக்குச் சிலை வைத்தார்கள். மேடை, மாலை, நல்ல கூட்டம். சிலை வலது கையை உயர்த்திக்கொண்டு நின்றது. மடங்கிப்போன அந்த விரல்களைத் தினமும் ஒவ்வொன்றாகப் பிரித்துத் துடைத்தவள் நான். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

விழா முடிந்து பெரிய மகன் என்னைத் தேடி வந்தார். அப்பா கடைசியில் எங்களைக் கேட்டாரா என்றார்.

ஐயா ஒருநாளும் கேட்டதில்லை.

"கேட்டாங்க சார். ரெண்டு பேரையுமே கேட்டாங்க."

அவர் அழுதார். மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனதை நான் சொல்லவில்லை. அன்று கூட்டிப்போகாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரோ என்னவோ.

இப்போது கோட்டுச்சேரியில் ஒரு அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். வாசல் வரைக்கும் கூட்டிப்போ என்று கெஞ்சுகிறார்கள். டாக்டர் கூடாதுன்னுட்டார் என்று பொய் சொல்லி ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.