அரை மூடி போதும்

துவைக்க வந்த சட்டையின் மடித்துவிட்ட கையை அவிழ்த்து உதறுவாள். உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, பைக்குள் இரண்டு விரலை விட்டு மூலைவரை துழாவிய பிறகுதான் அடுத்த துணி. ஜிப்பு என்றால் மூடுவாள், பொத்தான் என்றால் கழற்றுவாள். “ஜிப்பு திறந்திருந்தா பக்கத்துத் துணியைக் கடிக்கும். பொத்தான் போட்டிருந்தா தன்னைத்தானே கடிச்சுக்கும்” என்பாள்.

என் பெரியம்மா மகனுக்கு இவள் மூன்றாவது மருமகள். மூத்தவள் வாயைத் திறக்கமாட்டாள், இரண்டாமவள் திறந்தால் மூடமாட்டாள். இவள் வேலை பார்த்துக்கொண்டே பேசுகிறவள், அதனால் யாரும் குற்றம் சொன்னதில்லை. அடுக்குமாடிக் கட்டடத்தில் மாடிப்படிக்கு அடியில் கதவில்லாத ஓர் அறை, இரண்டு வாஷிங் மிஷின். அதுதான் அவள் சலவைக் கடை.

கட்டடமே அவளை ‘அரைமூடி’ என்றுதான் கூப்பிடும். சோப்புத் திரவத்தைப் பாட்டில் மூடியில் பாதிக்கு மேல் அவள் ஊற்றி யாரும் பார்த்ததில்லை. கஞ்சத்தனம் என்று முகத்துக்கு நேரே சொன்ன பஸ் டிரைவரிடம், “அண்ணே, உங்க அழுக்கைத் தின்ன அரை மூடி போதும். மிச்சத்தை யாரு தின்னுறது, நீங்களா?” என்றாள். அவர் இன்றும் இங்கேதான் துணி போடுகிறார்.

டிரம்மில் துணியைத் திணிக்க விடமாட்டாள். துணிக்கு மேலே அவள் கை தாராளமாக நுழைந்து திரும்பவேண்டும். “உருள இடமில்லாம எப்படிங்க குளிக்கும்?”

போன வாரம் மூன்றாம் மாடி மாமியார் கூடையோடு இறங்கி வந்தார். பின்னாலேயே அவர் மருமகள், தோளில் மூன்று மாதக் குழந்தை. அவர்கள் வீட்டு மிஷின் நின்றுபோய்விட்டதாம். முப்பது வருடம் ஆஸ்பத்திரி வார்டைப் பளிச்சென்று வைத்திருந்த கை அந்த மாமியாருடையது. பேரன் துணியை அதுவரை வேறு கை தொட விட்டதில்லை. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் கழுத்திலும் தொடை மடிப்பிலும் சிவந்து தடித்திருந்தது.

“இவ பால் ஒத்துக்கலை. இன்னையோட நிறுத்துன்னுட்டேன். டப்பாப் பால் வாங்கியாச்சு” என்றார் மாமியார்.

மருமகள் மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மேல்சட்டையின் முன்பக்கம் ஈரம் ஊறியிருந்தது.

அரைமூடி வெறும் மிஷினில் தண்ணீர் விட்டு ஒரு சுற்று ஓட்டி நிறுத்தினாள். பிறகு குழந்தையின் சட்டை ஒன்றை எடுத்து விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தாள்.

“எப்ப துவைச்சதும்மா?”

“நேத்துதான். முழுசா ரெண்டு மூடி ஊத்தினேன். புள்ளைத் துணியாச்சே!”

துணிகளை உள்ளே போட்டுத் தண்ணீரை மட்டும் திறந்துவிட்டாள்.

“சோப்பு ஊத்த மறந்துட்டியே!”

“மறக்கலை. பாத்துக்கிட்டே இருங்க.”

பத்து நிமிடத்தில் கண்ணாடிக் கதவின் பாதிவரை நுரை ஏறியது. மாமியார் குனிந்து, மூக்கு கண்ணாடியில் இடிக்கும்வரை பார்த்தார்.

“நீ முன்னாடியே உள்ள எதையோ ஊத்தி வெச்சிருக்கே.”

“வெறும் மிஷினை ஓட்டினப்ப நீங்க இங்கதானே நின்னீங்க? ஒரு பொட்டு நுரை வந்துச்சா? இது உங்க ரெண்டு மூடிம்மா. அலசினதுல போகாம துணியிலேயே காய்ஞ்சு கிடக்கு. புள்ளைக்கு வேர்த்தா மறுபடி கரைஞ்சு மேலே ஊறுது. மருந்தை டாக்டர் சொல்லட்டும், துணியை நான் சொல்றேன். நடுவுல பால் என்ன பண்ணிச்சு?”

மாமியாரின் குரல் இறங்கிவிட்டது. “அழுக்கு ஒட்டக்கூடாதேன்னுதான்...”

“தெரியும்மா. அழுக்கு ஒட்டவே இல்லை. சோப்புதான் விடமாட்டேங்குது.”

நாலாவது தண்ணீர் தெளிந்தபோது குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. மருமகள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் மிஷினைப் பார்த்தார். படியில் ஆட்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள். அரைமூடி ஒரு ஸ்டூலைக் காலால் சுவரோரம் தள்ளி, மருமகளைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். காய்ந்த துணிகளிலிருந்து ஒரு பெரிய போர்வையை உருவி, மறைப்பாக ஒரு முனையைத் தன் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். மறுமுனையை மாமியாரிடம் நீட்டினாள்.

மாமியார் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார்.