கணக்கில் ஏறிய ஏழு வருடங்கள்

1996 ஏப்ரல் 22, திங்கட்கிழமை. அன்று கனடாவின் ஸ்காபரோவிலுள்ள ஒரு சிறிய தொழில்முறைக் கூடைப்பந்தாட்டக் கழகம் என் கணவர் அகஸ்ரினை அணியிலிருந்து நீக்கியது. அவருக்கு அனுபவம் அதிகம் என்பதே காரணம். என் குற்றச்சாட்டும் அதுவே.

கொழும்பில் அகஸ்ரின் வங்கி எழுதுவினைஞர். ஏழு வருடங்கள் பகலில் பேரேடு எழுதி, மாலையில் வங்கி அணிக்காக ஆடினார். சம்பளம் பேரேட்டுக்கு மட்டுமே. ஸ்காபரோவின் டோர்செட் பார்க் பகுதிக்குக் குடிவந்த பின் எந்த வங்கியும் அந்த வருடங்களை ஏற்கவில்லை. கனடிய அனுபவம் இல்லை என்று வந்த மறுப்புக் கடிதங்கள் அனைத்தும் என்னிடம் ஒரு கோவையில் அடுக்கப்பட்டுள்ளன. அவர் தளபாடத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார்.

கழகத்தின் தெரிவுப் போட்டியில் தம்மைவிட இளையவர்களைத் தாண்டித் தேர்வானார். விண்ணப்பத்துடன், எம்மவர் வழக்கப்படி, ஞானஸ்நானச் சான்றிதழ் முதல் வங்கியின் சேவைக் கடிதம் வரை இணைத்தார். அவற்றை எவரும் கேட்கவில்லை.

ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு, போட்டிகளை நடத்தும் லீக் உச்சவரம்பு விதித்திருந்தது. சம்பளம் பெற்று விளையாடிய வருடங்கள் கூடக்கூட, ஒருவருக்குக் கொடுக்கவேண்டிய குறைந்தபட்சச் சம்பளமும் கூடும். வங்கி அணிக்கு ஆடியதையும் குறிப்பிட்ட அந்தச் சேவைக் கடிதத்தை வாசித்த லீக், ஏழு வருடங்களையும் சம்பளம் பெற்று ஆடியவையாகவே எண்ணிவிட்டது. அணியில் மிஞ்சியிருந்ததோ ஒரு புதியவருக்கான தொகை மட்டும்.

கழக அலுவலகத்தில் வேலைசெய்யும் அன்புராசா வீட்டுக்கு வந்து சொன்னார்:

"அண்ணை, உங்களை விடக் கோச்சுக்கு மனமில்லை. ஆனா உங்களை வைச்சிருக்கிறதெண்டா வேறை ரண்டு பேரை வெட்டவேணும்."

"அப்ப புதுப் பெடியன்ர சம்பளத்தைத் தாங்கோ. நான் கூடுதலாக் கேட்டனானே?"

"குறைச்சு வாங்கவும் விதி விடாது. ஒருத்தர் குறைச்சா மற்ற சீனியர்மாரையும் குறைக்கச் சொல்லுவினமாம்."

"பாங்கிலை எனக்குக் காசு தந்தது பந்தெறியவோ?"

"உந்தக் கடிதத்தை ஏன் குடுத்தனீங்கள்? ஆர் கேட்டது?"

அகஸ்ரின் சிரித்தார். "இத்தனை வருசமா ஒருத்தனும் அதை வாசிக்கேல்லை, தம்பி. உவங்கள் வாசிப்பாங்களெண்டு ஆர் கண்டது?"

அன்புராசா தேநீரை முடிக்காமலே எழுந்து போனார்.

லீக் விதிநூலின் பிரதியொன்றைப் பெற்று, மோர்னிங்சைட் நூலகத்து அகராதியை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். 'விளையாடுவதற்காகப் பெற்ற ஊதியம்' என்பதே அதன் வாசகம். அதை எடுத்துக்காட்டிக் கழகத்துக்கு எழுதினேன். பதில் தொலைபேசியில் வந்தது: அந்த இடத்துக்கு ஒரு கல்லூரி மாணவனை ஒப்பந்தம் செய்தாயிற்று, ஆயினும் என் கணவரின் அனுபவத்தை மிகவும் மதிக்கிறார்களாம்.

அடுத்த வாரம் அகஸ்ரின் அதே சேவைக் கடிதத்துடன் மறுபடியும் ஒரு வங்கிக்கு விண்ணப்பித்தார். கனடிய அனுபவம் இல்லை என்றார்கள்.

ஆகவே கழகத்திடமும் லீக்கிடமும் கேட்கிறேன். பேரேடு எழுதப் பெற்ற சம்பளம் எந்த விதியின்கீழ் ஆட்டச் சம்பளமாயிற்று? அப்படி விதி இல்லையெனில், அவருடைய இடம் எப்போது திருப்பித் தரப்படும்? இதன் ஆங்கிலப் பிரதி பதிவுத் தபாலில் சென்றுள்ளது. மே மாத முடிவுக்குள், பொறுப்பானவரின் கையொப்பத்துடன், எழுத்தில் பதில் வேண்டும். தொலைபேசியில் சொல்லப்படும் எதையும் பதிலாக ஏற்கமாட்டேன்.

கிறிஸ்ரினா அகஸ்ரின்